வீட்டு ஜேர்மன்

என்னோடு ஒத்த வயதுக்காரர்களே, அதாவது எண்பதுகளின் நடுவில் அப்பா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஜேர்மனியில் வந்திறங்கி, இப்போது மூக்குக்கண்ணாடியைத் தேடவே இன்னொரு மூக்குக்கண்ணாடி தேவைப்படும் நிலைக்கு வந்துவிட்டவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். போன மாசியில் என் வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் செமிக்கவில்லை.

ஜேர்மனிக்கு வந்து நான் முதலில் கற்றுக்கொண்ட மொழி ஸ்பானிஷ். அதுதான் ஜேர்மன் என்று நம்பிக்கொண்டு கற்றேன். ஒரு மாரிகாலம் முழுவதும் நம்பினேன்.

கெல்சென்கிர்ச்சனில் எங்களைக் கொண்டுபோய் விட்ட ஹைம், அதாவது அகதிகள் விடுதி, முன்னர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கிய நீளமான செங்கல் கட்டடம். குடும்பத்துக்கு ஓர் அறை, மாடிக்கு ஒரு குசினி. வெளியே பனிகூடச் சாம்பல் பூசிக்கொண்டுதான் விழுந்தது. உள்ளே குசினியில் மின்னடுப்பின் தட்டுச் சிவந்து, சிந்தின பாலும் உள்ளியும் கருகுகிற மணம் எப்போதும் இருக்கும். எனக்கு எட்டு வயது. சுவரோடு ஒட்டிய வெந்நீர்க் குழாயில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நாள் முழுக்க அங்கேதான் நிற்பேன், ஏனென்றால் எனக்குப் போவதற்குப் பாடசாலை இருக்கவில்லை.

அப்பா காலையில் பாடசாலை விசாரிக்க என்று போவார், மத்தியானம் வருவார். அம்மா கேட்பா. "சொல்லி அனுப்புவினமாம்" என்பார். சப்பாத்தைக் கழற்றி, ஈரத்துக்கு உள்ளே பழைய பேப்பரைத் திணித்துவிட்டுக் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பார். அம்மாவுக்கு ஒரே ஒரு பயம்தான். "பிள்ளை படிக்காமல் மாடு மாதிரி வளரப்போகுது" என்று ஒவ்வொரு நாளும் சொல்லுவா. ஊரில் நான் வகுப்பில் முதலாம் பிள்ளை.

பக்கத்து அறையில் சிலி நாட்டுப் பெண் ஒருத்தி தன் மகளோடு இருந்தா. அவவின் புருஷன் அங்கே சிறையில். நாங்கள் சிலி மாமி என்றோம். மகளுக்கு என்னைவிட ஒரு வயது கூட, முன்பல்லில் சின்ன உடைவு. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் பொதுவாக இருந்தது ஒரு பானை. ஓரம் பெயர்ந்த நீல எனாமல் பானை. அதில் சிலி மாமி காய்ந்த அவரைக்கொட்டையை ஊறப்போடுவா. மறுநாள் பூசணித்துண்டும் ஸ்பகெட்டியும் போட்டு அவிப்பா. அவரைக்கொட்டையோடு ஸ்பகெட்டியா என்று அம்மா முகத்தைச் சுளித்தா. ஒரு வாய் சாப்பிட்ட பிறகு முகம் நேராகிவிட்டது.

"போரோத்தோஸ்" என்று பானையைக் காட்டினா சிலி மாமி. அதுதான் எனக்குத் தெரிந்த முதல் 'ஜேர்மன்' சொல்.

எப்படி அது ஜேர்மன் ஆயிற்று என்று கேட்பீர்கள். அப்பா ஆக்கினார். ஒருநாள் பின்னேரம் சிலி மாமியின் பெட்டை கொப்பியும் பென்சிலுமாக எங்கேயோ புறப்படுவதைப் பார்த்துவிட்டு அப்பா கூடவே போய் வந்தார். வந்ததும் வராததுமாக அம்மாவிடம் சொன்னார்:

"இஞ்சரும், பிள்ளைக்கு வகுப்பு ஒண்டு பாத்திட்டன். பின்னேரத்தில ஜேர்மன் படிப்பிக்கினம். காசில்லை. நாளைக்கே போகட்டும்."

அம்மா சாமிப்படத்துக்கு முன்னால் போய்க் கும்பிட்டுவிட்டு வந்து என் தலையை இழுத்துப் பின்னினா. அவ்வளவு இறுக்கிப் பின்னினது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

உண்மையில் அது ஸ்பெயினிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் தங்கள் தாய்மொழியை மறந்துவிடாமல் இருக்க நடந்த வகுப்பு. பாடசாலை முடிந்த பிறகு வெறுமையான ஒரு வகுப்பறையை அவர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். வாத்தியாரம்மா நெடுப்பமானவ, கழுத்தில் எப்போதும் ஒரு மஞ்சள் சால்வை. என்னைப் பார்த்து ஏதோ கேட்டா, சிலி மாமியின் மகள், இதற்குள் என் சிநேகிதி, ஏதோ சொன்னாள், என்னை இருக்கச் சொன்னா. சூடான அறை, என்னைப் போலவே கறுத்த தலைமயிர் உள்ள பிள்ளைகள், கரும்பலகையில் சுண்ணக்கட்டி. எனக்கு வேறென்ன வேண்டும்?

அந்த வகுப்பில் வெள்ளிக்கிழமை என்றால் ஒரு வழக்கம். ஏதாவது ஒரு வீட்டிலிருந்து அவரைக்கொட்டைச் சட்டி வரும். எல்லாரும் சுற்றியிருந்து சாப்பிடுவார்கள். சாப்பிடுமுன் சண்டை. அதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று! வாத்தியாரம்மா 'ஹூதியாஸ்' என்பா, சிலவேளை 'அலூபியாஸ்' என்பா. சுரங்கத்தில் வேலை செய்த ஒருவரின் பெடியன் 'ஃபாபெஸ்' என்று மேசையில் அடிப்பான், அவனுடைய ஊர் ஸ்பெயினின் வடக்கில். தெற்குப்பக்கத்து அக்காவும் தம்பியும் 'ஆபிச்சுவேலாஸ்' என்பார்கள். என் சிநேகிதி ஒருத்திதான் 'போரோத்தோஸ்'. உடனே எல்லாரும் கெக்கட்டமிட்டுச் சிரிப்பார்கள். அவள் உடைந்த பல்லால் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிவாள். நான் பக்கத்திலிருந்து "போரோத்தோஸ்! போரோத்தோஸ்!" என்று கத்துவேன். கடைசியில் வாத்தியாரம்மா ஒரு தீர்ப்புச் சொன்னா: யார் வீட்டுச் சட்டியோ அன்றைக்கு அந்த வீட்டுப் பெயர்.

ஒரு வெள்ளி அம்மா தேங்காய்ப்பூ போட்டு, கடுகும் செத்தல் மிளகாயும் தாளித்து அனுப்பினா. "என்ன பெயர்?" என்று கேட்டார்கள். "போஞ்சிக்கொட்டை" என்றேன். கொட்டை அவர்கள் வாயில் நிற்கவில்லை. "போஞ்சி, போஞ்சி" என்று வகுப்பே சொல்லிக்கொண்டு, மிளகாய் உறைப்பில் மூக்கைச் சிந்திக்கொண்டு சாப்பிட்டது. அந்தப் பின்னேரம்போல் ஒரு பின்னேரம் அதற்குப் பிறகு எனக்கு நெடுநாள் வரவில்லை. சட்டியைக் கழுவி, நானும் சிநேகிதியுமாக அதன் இரண்டு காதையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு பனியில் சறுக்கிச் சறுக்கி ஹைமுக்கு வந்தோம்.

எட்டு வயதுப் பிள்ளைக்கு இது ஜேர்மன் இல்லை என்று விளங்கவில்லையா, ஹைமின் காவலாளி பேசுவது வேறாகக் கேட்கவில்லையா என்பீர்கள். கேட்டது. நன்றாகவே கேட்டது. ஆனால் நாங்கள் எங்கிருந்து வந்தோம் என்பதை யோசித்துப் பாருங்கள். ஊரில் பொலிசும் ஆமியும் கந்தோர்க் கடிதமும் ஒரு மொழி, வீடும் பள்ளிக்கூடமும் கோயிலும் இன்னொரு மொழி. எனக்குத் தெரிந்த உலகமே அப்படித்தான் இருந்தது. ஆகவே ஜேர்மனியிலும் காவலாளியும் பொலிசும் பேசுவது அரசாங்க ஜேர்மன், சிலி மாமியும் வாத்தியாரம்மாவும் பேசுவது வீட்டு ஜேர்மன் என்று முடிவுகட்டினேன். வீட்டு மொழிக்கு 'எஸ்பான்யோல்' என்று பெயர் சொன்னார்கள். அதுவும் சரிதானே, இலங்கையில் மட்டும் இலங்கை என்றொரு மொழி இருக்கிறதா? ஒரே கொட்டைக்கு ஐந்து பெயர் இருந்ததும் எனக்குப் புதினம் இல்லை. கொழும்புக்காரருக்கு ஒரு தமிழ், எங்களுக்கு ஒரு தமிழ்.

போதாததற்கு அந்த மொழி என்னோடு சொந்தம் கொண்டாடியது. குசினி அவர்களுக்குக் 'கொசீனா', மேசை 'மேசா', சப்பாத்து 'சப்பாத்தோ'. போர்த்துக்கேயன் எங்கள் கரையில் விட்டுப்போன சொற்கள் என்று பிறகுதான் படித்தேன். அப்போது அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மா பூரித்துப்போய், "இஞ்சருங்கோ, ஜேர்மன் எங்கட பாஷை மாதிரித்தானாம்!" என்று அப்பாவைக் கூப்பிட்டா. அப்பா "ம்" என்றார்.

அதன்பிறகு அம்மா நான் இல்லாமல் குசினியில் காலடி வைக்கமாட்டா. உப்பு இரவல் கேட்பதா, அடுப்பு எப்போது ஆறும் என்று கேட்பதா, நான்தான் துபாஷி. மேல்மாடித் தமிழ்ச் சனத்திடம், "எங்கட பிள்ளை வெள்ளைக்காரி மாதிரியெல்லோ ஜேர்மன் கதைக்குது" என்பா. ஒருநாள் எதிரறை அண்ணை, இரண்டு வருஷமாக அங்கே இருந்து கொஞ்சம் ஜேர்மன் பிடித்திருந்த இளந்தாரி, குசினி வாசலில் நின்று நான் சிலி மாமியோடு பேசுவதைக் கேட்டார். வாய்விட்டுச் சிரித்தார். "அக்கா, பிள்ளை கதைக்கிறது..." என்று அம்மாவிடம் தொடங்கினார். அப்பா எழுந்து அவர் தோளில் கைபோட்டு, "வாரும் தம்பி, ஒரு சிகரட் பத்துவம்" என்று வெளியே கூட்டிக்கொண்டு போனார். குளிரில் இருவரும் கனநேரம் நின்றார்கள். திரும்பி வந்த அண்ணை என் கன்னத்தில் தட்டிவிட்டுப் போய்விட்டார். என் திறமையை மெச்சினார் என்றுதான் நினைத்தேன்.

சிநேகிதியிடமும் ஒருமுறை கேட்டேன். காவலாளி படியில் நின்று யாரையோ ஏசிக்கொண்டிருந்தார். "இவர் பேசுகிற மொழி எனக்கு எப்போது படிப்பிப்பார்கள்?" என்றேன், எல்லாம் ஸ்பானிஷில்தான். அவள் அடுப்படியில் நின்ற தாயைப் பார்த்தாள். தாய் தலையைத் திருப்பிக்கொண்டா. "அது பெரியாக்களின்ர" என்றாள். ஆம், அப்படியே சொன்னாள். அந்தச் சொல்லைத்தான் பிறகு வருஷக்கணக்காக மனதில் வைத்துக் கறுவினேன்.

பனி உருகத் தொடங்கியபோது தேவாலயத்து அம்மா ஒருவ ஹைமுக்கு வந்தா. உடுப்பு மூட்டையோடு வருகிறவ. நான் பாடசாலை போகாமல் நிற்பதைப் பார்த்துப் பொறுக்காமல், தானே ஓடித்திரிந்து பாடசாலை அதிபரைச் சந்திக்க நாளும் நேரமும் குறித்து ஒரு டெர்மின் வாங்கித் தந்தா. என் வயதுக்குரிய வகுப்பில் சேர்க்க முடியுமா என்று அதிபர் பார்ப்பாராம். அம்மாவுக்குக் கால் நிலத்தில் படவில்லை. அன்று காலை அப்பா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "காயுது போலக் கிடக்கு. இன்னொரு நாளைக்குப் பாப்பமே?" என்றார்.

"உங்களுக்கென்ன விசரே?" என்றா அம்மா. "பிள்ளை நல்லாத்தான் நிக்கிறாள். வெளிக்கிடுங்கோ."

அப்பா, அம்மா, தேவாலயத்து அம்மா, மொழிபெயர்க்க எதிரறை அண்ணை. அதிபரின் அறையில் மெழுகு போட்ட தரை மணந்தது. அதிபர் நல்ல மனிதர், முதலில் எனக்கு ஒரு இனிப்புத் தந்தார். பிறகு படப்புத்தகத்தை விரித்து வீட்டின் மேல் விரலை வைத்தார். "காசா" என்றேன். மேசை. "மேசா." அவர் புருவம் சுருங்கியது. அவருக்கு என் குரல் கேட்கவில்லையாக்கும் என்று இன்னும் உரத்துச் சொன்னேன். அடுத்த பக்கத்தில் அவரைக்கொட்டை. எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. இதில் என்னை வெல்ல ஆளில்லை. மரியாதைக்கு முதலில் வாத்தியாரம்மாவின் சொல்லை எடுத்தேன்.

"ஹூதியாஸ்."

அவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். ஊர் வேறாக்கும்.

"அலூபியாஸ். ஃபாபெஸ். ஆபிச்சுவேலாஸ்." கடைசியாக, என் ஆசைச் சொல். "போரோத்தோஸ்!"

தேவாலயத்து அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டா. அதிபர் என்னிடம் மெதுவாக "போனென்" என்றார். பாருங்கள் வேடிக்கையை. ஒல்லாந்தன் விட்டுப்போன எங்கள் போஞ்சிக்கும் அந்தப் போனெனுக்கும் ஒரே கொடிவழி. ஐந்து சொல்லைச் சொன்ன நான் அம்மா சமைத்த சொல்லைச் சொல்லியிருந்தால், பாதிக் கிணறாவது தாண்டியிருப்பேன். அந்த ஒன்றைத்தான், அது தமிழாயிற்றே என்று அதிபர் முன்னால் சொல்லக் கூசி விழுங்கியிருந்தேன்.

எதிரறை அண்ணை நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அக்கா, பிள்ளை கதைக்கிறது ஸ்பானிஷ் பாஷையாம். ஜேர்மன் ஒரு சொல்லும் தெரியாதாம். சின்னப் பிள்ளையளோட முதலாம் வகுப்பில இருத்தத்தான் ஏலுமாம்."

அம்மா விளங்காமல் எல்லார் முகத்தையும் பார்த்தா. அப்பா என் பக்கம் திரும்பினார். எல்லாருக்கும் முன்னால், இனிப்பு இன்னும் என் கன்னத்தில் கரைந்துகொண்டிருக்கும்போது, "இவ்வளவு நாளும் என்னத்தையடி படிச்சனி?" என்றார். அவர் என்னை 'டி' போட்டுக் கூப்பிட்டது அன்றுதான். என் காது இரண்டும் எரிந்தன. அழுகை வரவில்லை, ஒன்றுக்கு வந்துவிடும்போல் இருந்தது.

வெளியே வந்து ஒழுங்கையில் வைத்து அம்மா கேட்டா, "உனக்கு அதை ஜேர்மன் எண்டு ஆரம்மா சொன்னது?"

அப்பாவும் ஏமாந்துவிட்டார், பாவம் என்றுதான் நான் நினைத்தேன். ஆகவே சிநேகிதியின் பெயரைச் சொன்னேன். கேட்டபோது அவள்தானே மறைத்தாள்.

"பாத்தியே," என்றார் அப்பா. "இனி அதுகளோட சேராதை."

என் முழங்கால் மேசைக்கடியில் போகாத முதலாம் வகுப்புக் கதிரையில், ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் கொக்குப்போல் இருந்தேன். பின்னேர வகுப்புக்குப் போகவில்லை. குசினியில் சிலி மாமியைக் கண்டால் அம்மா பானையோடு திரும்பி வந்துவிடுவா. சிநேகிதி வந்து கதவைத் தட்டினாள். நான் திறக்கவில்லை. உள்ளே இருந்து "பொய்காரி" என்று கத்தினேன், அவள் மொழியிலேயே.  கதவுக்கு அந்தப்பக்கத்திலிருந்து, "உன் அப்பாவைக் கேள்" என்றாள். என்ன திமிர் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வசந்தத்திலேயே அவர்களுக்கு வேறு ஊரில் வீடு கிடைத்துப் போய்விட்டார்கள். எந்த ஊர் என்று நாங்கள் கேட்கவில்லை.

இனிப் போன மாசிக்கு வருகிறேன். என் மகளுக்குப் பிறந்தநாள். வீடு நிறையச் சனம். அவளுக்குப் பாடசாலையில் ஸ்பானிஷ் பாடம். மறுநாள் சோதனை என்று கேக் வெட்டிய மேசையிலேயே இருந்து மரக்கறிப் பெயர்களைப் பாடமாக்கிக்கொண்டிருந்தாள். "ஹூதியாஸ், ஹூதியாஸ்" என்று அவள் சொன்னதும், மூலைக் கதிரையில் இருந்த அப்பா, எண்பது தாண்டியவர், உற்சாகமாக நிமிர்ந்தார்.

"உன்ர அம்மா இதெல்லாம் சின்னனிலயே கரைச்சுக் குடிச்சவள். கேள் கதையை!"

அவருக்குக் கதை சொல்ல வரும். காசாவையும் மேசாவையும் என் குரலிலேயே நடித்துக் காட்டினார். சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நானும் ஒரு ஓரத்தில் சிரித்தேன். அந்த உற்சாகத்தில் அப்பா இன்னும் கொஞ்சம் அவிழ்த்தார்.

"இதில பகிடி என்னெண்டால், எனக்கு முதல் நாளே தெரியும்! அந்தச் சிலிக்கார மனிசி மற்றக் கிழமை வந்து உலகப்படத்தை விரிச்சுவைச்சு, இது ஜேர்மனி, இது ஸ்பெயின், இது அது இல்லை எண்டு கையால காட்டுது. பாவம், நல்ல மனிசி. நான் தாயையும் பிள்ளையையும் கையெடுத்துக் கும்பிட்டு, இவளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ எண்டு வாயில விரலை வைச்சுக் காட்டினன். பள்ளிக்கூடத்தில இடமில்லை, அகதி வழக்கு முடியட்டும் எண்டு கலைச்சுப்போட்டாங்கள். அதை வீட்டில வந்து சொல்ல எனக்கு வெக்கம். அங்கயெண்டால் சூடு, சாப்பாடு. கெதியில கனடா போயிடுவம், ஜேர்மன் என்னத்துக்கு எண்டும் நினைச்சன்."

சிரிப்பு தொடர்ந்தது. அம்மாதான் சிரிக்கவில்லை. கறி பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியை மேசையில் வைத்தா. அவவுக்கும் அது அன்றுதான் தெரியும்.

"அப்ப அண்டைக்கு அதிபற்ர அறையில பிள்ளையை ஏன் ஏசினீங்கள்?"

"ஏசாமல்? உனக்கு முன்னால நான் வேற என்ன செய்யிறது?"

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். எனக்கு அந்த முதலாம் வகுப்புக் கதிரை பெரிதில்லை. படித்தேன், ஏறி வந்தேன், இந்த நாட்டு மொழியில் இன்று வழக்குக்கூட வாதாடுவேன். அந்த ஒழுங்கைதான் என் நெஞ்சில் ஏறி நின்றது. நான் ஒரு பிள்ளையின் பெயரைச் சொன்னேன். அந்தப் பிள்ளை அவருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். அவர் அது தெரிந்துகொண்டே "பாத்தியே" என்றார். பெற்ற தகப்பன் எனக்குச் செய்த இந்த வேலையை நான் இதுவரை மன்னிக்கவில்லை, நண்பர்களே. மன்னித்துவிட்டேன் என்று உங்களிடம் பொய் சொல்லப்போவதும் இல்லை.

அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டார். "என்ன பிள்ளை, பழங்கதை. நீ நல்லா வந்திட்டாய்தானே?" என்றார்.

"ஓம் அப்பா, நான் நல்லா வந்திட்டன்," என்றேன். "அவளுக்கு இதை ஆர் சொல்லுறது?"

அப்பா என் மகளிடமிருந்து கேக் தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். உண்மையாகவே யோசித்தார்.

"எவளுக்கு?" என்றார்.